யுத்தத்தைப் படிப்போர் யாருடைய சாவை எண்ணுகிறார்கள்?

(இலஞ்சியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்வகலாசாலையில் யுத்தத்தை ஒரு பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். "சண்டைக்கும் ஒரு பட்டமா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் விஷயம் உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1977ம் ஆண்டு முதல் பாதுகாப்பு, போர்த்திறன் ஆய்வுக்கென்று ஒரு தனித் துறை நடந்து வருகிறது. ஸ்வீடன் தேசத்து உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1971ல் சமாதானத்தையும் மோதலையும் ஆராய ஒரு துறை ஏற்பட்டது. உலகில் நடக்கும் சண்டைகளின் கணக்கை வருஷா வருஷம் வெளியிடுவது அந்தத் துறைதான்.

களை பறிக்கிற கைக்கும் நூல் இழுக்கிற கைக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022ல் உக்ரைனில் யுத்தம் மூண்டது. நம்மூர் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. பொட்டாஷ் உர மூட்டையின் விலையும் ஏறிற்று. எங்கேயோ வெடித்த குண்டின் செலவில் ஒரு பங்கை நாமும் கொடுத்தோம். பட்டாளத்துக்குப் போகிற பையன்களும் நம்மைப் போன்றவர்கள் வீட்டுப் பையன்கள்தான். ஆகவே யுத்தத்தை யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தப் படிப்பின் அடித்தளமே எண்ணிக்கைதான். உப்சாலாக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். ஒரு வருஷத்தில் சண்டையில் 25 பேர் செத்தால் அது 'ஆயுத மோதல்'. 1,000 பேர் செத்தால் 'யுத்தம்'. ஆயுதம் இல்லாத ஜனங்களைக் கொன்ற கணக்கைத் தனியாக வைக்கிறார்கள். பத்திரிகைச் செய்தி, அறிக்கை, சாட்சியம் இவற்றைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து எழுதுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செய்தி எட்டாத இடத்துச் சாவு இந்தக் கணக்கில் ஏறுவது எப்படி? யுத்தத்தால் வந்த பட்டினியிலும் பேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் சண்டைச் சாவுக் கணக்கில் சேர்வதில்லை. ஏழை எந்த வழியில் அதிகம் சாகிறானோ, அந்த வழி ஏட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இது தமிழனுக்குப் புதிதல்ல. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் எத்தனை! 1942 பிப்ரவரியில் அந்தச் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதே ஆண்டில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே மடிந்த வெள்ளைக்கார யுத்தக் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கஞ்சனபுரி மயானத்தில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறது. வைக்கத்தான் வேண்டும், அவர்களும் மனிதர்களே. ஆனால் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் ஆகிய கூலிகளின் சாவு 70,000 என்கிறார் ஒருவர், 90,000 என்கிறார் இன்னொருவர். இரண்டு கணக்குக்கும் நடுவே 20,000 உயிர்கள் நிற்கின்றன, தோழர்களே! கங்காணிக்கு ஆள் கணக்கு வேலைக்குத்தான் தேவைப்பட்டது, சாவுக்குத் தேவைப்படவில்லை.

கடலுக்கு அப்பாலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பது அந்தத் திருநெல்வேலியில்தான். அங்கே யுத்தம் பாடமாக வரவில்லை. பள்ளி வாசலுக்கே வந்து நின்றது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இறங்கியது. நம் நாட்டுச் சிப்பாய்கள் பலர் அங்கே மடிந்தார்கள். யாழ்ப்பாணத்து ஜனங்களும் அந்த மாதத்தில் ஏராளமாக மடிந்தார்கள்.

அந்த வேளையில் நான்கு ஆசிரியர்கள் எழுத உட்கார்ந்தார்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, கணித ஆசிரியர்கள் ராஜன் ஹூல், ஸ்ரீதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோரே அவர்கள். ஜனங்களிடம் கேட்டு, சாட்சியத்தைச் சரிபார்த்து, 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார்கள். இலங்கைப் படை, இந்தியப் படை, புலிகள், பிற இயக்கங்கள் என எந்தத் தரப்பின் கொலையையும் அவர்கள் மறைக்கவில்லை. அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிய ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. புலிகளே கொன்றனர் என்பது உடன் உழைத்தவர்களின் குற்றச்சாட்டு.

சாவைச் சரியாக எண்ணுவது துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எவ்வளவு அச்சம் தருகிறது பார்த்தீர்களா? 2009ல் வன்னியில் முடிந்த யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதியது. இலங்கை அரசாங்கம் அதை மறுத்தது. அந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். யுத்தப் படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, படிக்கத்தான் வேண்டும். எல்லையையும் ஆயுதத்தையும் ஒப்பந்தத்தையும் படிப்பதோடு, செத்தவன் யார், எந்த ஊர், என்ன கூலி, எதனால் செத்தான் என்பதையும் படிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு விளங்கும்படி தமிழில் அந்தப் பாடம் இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. குற்றாலத்திலும் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிக்குப் போகிற பெண்களும் பையன்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குள் அனுப்புங்கள். மலேயா, பர்மா, சிலோன் போய்த் திரும்பாதவர் யார், பட்டாளத்தில் மடிந்தவர் யார் என்று கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கேட்கட்டும். பெயர், ஊர், வருஷம், சொன்னவர் யார் என்று நான்கும் எழுதட்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதட்டும். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை அடுத்த மழைக்குத் தள்ளிவைக்க முடியாது.