எக்ஸ்ரேயில் ஒரு நிழல்

(மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பேச மருத்துவர்கள் இருக்கப் போதகர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையே கேட்டேன். "பயாப்ஸி வேண்டாமென்று வீட்டார் எழுந்து போகும்போது உங்களைத்தானே கூப்பிடுகிறோம், நீங்களே பேசுங்கள்" என்றார் எங்கள் தலைமை மருத்துவர். ஆகவே மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் வார்டில் கண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

நம் நாட்டில் இருமல் நீடித்தால் முதலில் டி.பி. என்று நினைப்பது சரியே. உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாடு நம்முடையது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சங்கடம் என்னவென்றால், நுரையீரல் புற்றுநோயும் ஏறக்குறைய அதே வேஷத்தில்தான் வருகிறது. இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிதல், பசியின்மை, எக்ஸ்ரேயில் ஒரு நிழல். சளியில் கிருமி காணாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டுமென்று டி.பி. மாத்திரையை ஆரம்பித்து, ஆறு மாதம் போனபின் எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. அதற்குள், அறுத்து எடுத்திருக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாத கட்டியாகிவிடலாம்.

எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்? நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் பீடி சிகரெட் பழக்கமுள்ளவருக்கு, பழைய இருமலின் தன்மையே மாறிப்போவது. மூன்று வாரமாகியும் தேறாத குரல் கம்மல். தோளில் தொடங்கிக் கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை இறங்கும் வலி. சிலருக்கு அதே பக்கத்துக் கண் இமையும் சரிந்துவிடும். இதை எலும்புத் தேய்மானம் என்று எண்ணித் தைலம் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகமும் கழுத்தும் வீங்குவது, விரல் நுனிகள் உருண்டு பருப்பது, நெஞ்சில் கோத்த நீரை எடுத்தாலும் மீண்டும் சேருவது ஆகியவையும் அப்படியே. டி.பி. மாத்திரையை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் நிழல் சுருங்காவிட்டால் மறுபடி விசாரிக்க வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

நிழலைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஸ்கேன், கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும். பெயரைச் சொல்வது சதைத்துண்டு மாத்திரமே. காறை எலும்புக்கு மேல் நெறி கட்டியிருந்தால் அங்கே ஊசி போட்டு எடுப்பது எளிது. இல்லாவிட்டால் மூச்சுக்குழல் வழியாக பிராங்கோஸ்கோப்பை விட்டோ, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலாவின் இடைவெளியில் ஊசியைச் செலுத்தியோ எடுப்பார்கள்.

இங்கேதான் என்னை அழைப்பார்கள். "ஊசி பட்டா பரவிடும்னு ஊரே சொல்லுதுய்யா" என்றார் ஒரு மகன். அவருடைய தாயார் பீடியைத் தொட்டவரல்லர்; சத்துணவுக் கூடத்தில் பல வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். விறகுப் புகையால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அப்புகையையும் காரணங்களில் ஒன்றாக எண்ணுகிறார்கள். ஏழு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்டு வந்திருந்தார். ஊசி சென்ற வழியில் நோய் பரவுவது மிக மிக அபூர்வம். ஊசி படாமலே இரத்தத்தின் வழியாக அது தானே பரவிக்கொண்டிருக்கிறது என்று நான் விளக்கினேன். நுரையீரலில் சிறிது காற்றுக் கசிவும், சளியில் சிறிது இரத்தமும் வரலாம், சில மணி நேரம் படுக்கையில் வைத்துப் பார்ப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. மகனும் மருமகனும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். தாயார் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்து, "எனக்கு என்ன நோவுன்னே தெரியாம எதுக்குய்யா நான் ஜெபம் பண்ண?" என்றார். அதன்பின் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பெயர் தெரிவதால் என்ன லாபம் என்பவர்களுக்கு அவருடைய காரியமே பதில். நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஸ்மால் செல் வகை. வேகமாகப் பரவும், கீமோதெரபிக்கு முதலில் நன்றாகக் கரையும், பின்பு பெரும்பாலும் திரும்பி வரும். மற்றவற்றில் அடினோகார்சினோமா முக்கியமானது. புகைபிடிக்காத பெண்களுக்கு வருவது அநேகமாக இதுவே. இந்தத் திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் சில மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். ஆசிய மக்களிடம் இந்த மாற்றம் அதிகம். அந்தத் தாயாருக்கும் இருந்தது. மூன்று வாரத்தில் மூச்சிரைப்பு குறைந்து, தலையணையை அடுக்கிவைக்காமல் படுத்தார். இது நோயை வேரோடு அறுக்கும் மருந்தல்ல, ஒரு காலத்துக்குப் பின் வேலை செய்யாமற்போகும் என்பதையும் அவரிடமே சொன்னோம். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார்.

ஆரம்ப நிலையில் கண்டால் அறுவை சிகிச்சையே முதல் வழி. நுரையீரலின் ஒரு மடலை எடுப்பார்கள். நடு நிலையில் கீமோதெரபியும், நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சும். முற்றிய நிலையில் கீமோதெரபி, மேற்சொன்ன மாத்திரைகள், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய ஊசி மருந்துகள்.

"நான் குடிச்ச பீடிக்கு இது தண்டனையா ஐயா?" என்று ஆண்கள் கேட்பார்கள். புகையிலையே பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. இப்போது நிறுத்தினாலும் சிகிச்சைக்கு உதவும். ஆனால் தண்டனைக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1933-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். நோயாளியும் ஒரு மருத்துவர்; அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கிரகாமோ பல காலம் சிகரெட் பிடித்தவர். புகைக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை 1950-இல் வைண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து தாமே எழுதி வெளியிட்டு, பின்பு பழக்கத்தையும் விட்டார். 1957-இல் அதே நோயால் இறந்தார். இதில் யாருக்கு யார் தண்டனை கொடுத்தது?

கடைசி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சு எங்கள் வார்டில் இல்லை. எலும்பு வலிக்கு ஒரே தடவை கரண்ட் வைத்தாலும் பலருக்குக் குறைகிறது. மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயப்படுகிறவர்கள் அநேகர். சரியான அளவில் கொடுத்தால் அது வலியையும் திணறலையும் தணிக்கும், உயிரைக் குறைக்காது. மூச்சு வாங்குகிறவருக்கு முகத்துக்கு நேரே சிறு மேசை விசிறியை வைத்துப் பாருங்கள், நல்ல ஆறுதல் கிடைக்கும். வார்டுக்கென்று ஏதாவது வாங்கித் தர விரும்புகிறவர்கள் அதையே வாங்கித் தரலாம்.

காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கும், பஸ் கட்டணம், தங்கும் செலவு, போன நாட்களின் கூலி என்று நோயின் பெயர் தெரியும் முன்பே கைப்பணம் கரைந்துவிடுகிறது. அந்த ஒரு வாரத்தில்தான் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காணிக்கை அனுப்புவோர் 'பரிசோதனைக்காக' என்று குறிப்பிட்டால், அதை அந்த வாரத்துக்கென்றே ஒதுக்கி வைப்போம்.