ஒற்றை விளக்கு போதும்

மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து துப்பறியும் குறும்படம் எடுக்கிறீர்களா? விளக்கு வாடகைக்குக் கவலைப்படாதீர்கள். ஒற்றை விளக்கு போதும்.

கரண்ட் போன ராத்திரி அம்மா மெழுகுவத்தியோடு வருவாரே, கவனித்திருக்கிறீர்களா? பாதி முகம் வெளிச்சம். பாதி முகம் இருட்டு. பின்சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல். மெழுகுவத்தியைக் கொஞ்சம் கீழே இறக்கினால், தெரிந்த முகமே வேறு ஆளாகிவிடும்.

1954-இல் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாருங்கள். சிவாஜி நடித்த படம். ஒரு பாட்டுகூடக் கிடையாது. நிழல்தான் பேசும். எனக்கு அது இன்றைக்கும் புதுப்படம்தான்.

மதுரையில் நிழலுக்கா பஞ்சம்? மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ராத்திரி, தெருவிளக்கின் அடியில் நண்பரை நிறுத்துங்கள். தொப்பி, கோட்டு வேண்டாம். தோளில் துண்டு இருக்கட்டும். மெதுவாக முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.