மாகாணங்களுக்கு ஒரு மூதவை



இந்நாட்டிலே ஒருகால் மூதவை இருந்தது. 1947இல் தோன்றி 1971இல் ஒழிக்கப்பட்டது. உறுப்பினர் முப்பதின்மர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது; 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். மாகாணம் அனுப்பியவர் எவருமிலர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அந்த அவையையும் தாண்டியே சட்டமாயிற்று. வேலி இருந்தது, பயிர் காக்கப்படவில்லை. அவ்வேலியை அடைத்தவர் பயிருக்கு உரியவரல்லர்.

1987இல் பதின்மூன்றாந் திருத்தம் வந்தது. மாகாணப் பட்டியலிலுள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டமியற்ற முற்பட்டால், மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். ஒரு சபையேனும் இணங்காவிடின், நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றது.

நடந்தது என்ன? 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கிலே மாகாண சபையே இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கந் தெரிவித்தார். அது செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் 2013 ஜனவரியில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அது நிறைவேறிற்று. கருத்துக் கேட்பது காவலாகாது, வாக்கே காவல்.

2017இல் அரசியலமைப்பு வழிப்படுத்தும் குழுவின் இடைக்கால அறிக்கை, 55 பேர் கொண்ட இரண்டாம் சபையொன்றைப் பரிந்துரைத்தது. ஒன்பது மாகாண சபைகளும் ஐவ்வைந்து பேரை அனுப்பும். பதின்மரைப் பாராளுமன்றம் சேர்க்கும். நல்ல தொடக்கமே. ஆயினும் கணக்கைப் பாருங்கள்: வடக்கும் கிழக்கும் சேர்ந்து பத்துப் பேர். 55இல் பத்துப் பேர் தனித்து எதனைத் தடுப்பர்? தென்னாபிரிக்காவிலும் மாகாணங்கள் ஒன்பதே. மாகாண விடயங்களில் ஒவ்வொன்றுக்கும் அங்கு ஒரு வாக்கு. ஐந்து மாகாணங்கள் இணங்கினாற் போதும். அந்த முறையை அப்படியே கொணர்ந்தாலும் நாம் இருவர், எதிரே எழுவர்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. மாகாண அதிகாரத்தைக் குறைக்குஞ் சட்டம் எதுவும் இரண்டாம் சபையின் இசைவின்றி நிறைவேறலாகாது. ஒரு மாகாணத்தைத் தனித்துத் தாக்குஞ் சட்டத்துக்கு அம்மாகாண உறுப்பினரின் பெரும்பான்மை இசைவு வேண்டும். மாகாண சபைத் தேர்தலைக் காலவரையின்றி ஒத்திவைக்கும் வழி அடைபட வேண்டும். 2019க்குள் ஒன்பது சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது; பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அனுப்புஞ் சபை இல்லையேல் அனுப்பப்படுபவர் யார்?

இது நமக்கு மட்டுமான வழக்கன்று. மொனறாகலைக் கமக்காரனும் தன் நீருக்கும் விதைக்கும் கொழும்பையே பார்த்திருக்கிறான். அவனோடும் பேசுவோம். சட்டம் அறிந்தோர் வரைவை எழுதுக. நிலம் அறிந்தோர் அதன் குறைகளைச் சொல்லுக. நாம் வேண்டுவது சலுகையன்று. நம்மை ஆளுஞ் சட்டத்தில் நம் கையொப்பத்துக்கு ஓரிடம், அவ்வளவே.