வலிக்கு உச்சவரம்பு யாருக்கு?



2009இல் அமெரிக்காவில் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை முன்வைத்தபோது, குடியரசுக் கட்சி ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நோயாளிகள் வழக்குப் போடுகிறார்கள், பயந்துபோன டாக்டர்கள் தேவையில்லாத பரிசோதனைகளை எழுதுகிறார்கள், அதனால்தான் செலவு ஏறுகிறது. ஆகவே இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வையுங்கள் என்றது. அந்த ஜூன் மாதம் சிகாகோவில், உச்சவரம்பை ஆதரிக்கவில்லை என்று ஒபாமா சொன்னதும் கூடியிருந்த டாக்டர்கள் கூச்சலிட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்கும் வழக்கறிஞர்களின் நன்கொடை உண்டு. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நோயாளி காணாமல் போனார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உச்சவரம்பு உள்ளிட்ட வழக்குச் சீர்திருத்தங்களை நாடு முழுக்கக் கொண்டுவந்தால் எவ்வளவு மிச்சமாகும்? அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2009 அக்டோபரில் சொன்ன விடை: மொத்த மருத்துவச் செலவில் சுமார் 0.5 சதவீதம். டெக்சாஸ் மாநிலம் 2003இலேயே டாக்டர்கள் மீதான வழக்குகளில் வலி, வேதனைக்கான இழப்பீட்டை 2,50,000 டாலரோடு நிறுத்திவிட்டது. ஆறு வருடம் கழித்து, அதே மாநிலத்தின் மெக்காலன் நகரம் நாட்டிலேயே மருத்துவச் செலவு மிக அதிகமான ஊர்களில் ஒன்றாக இருந்ததை மருத்துவர் அதுல் கவாண்டே எழுதிக் காட்டினார். வழக்கு பயம் குறைந்தும் அங்கே செலவு குறையவில்லை. மருத்துவம் வருமானம் பார்க்கும் தொழிலாகிவிட்டதே காரணம் என்றார்.

அப்படியானால் உச்சவரம்பு யாரைத் தாக்குகிறது? இழப்பீட்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, இழந்த சம்பளமும் சிகிச்சைச் செலவும். இன்னொன்று, வலிக்கும் வேதனைக்கும் தருவது. வரம்பு பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். ஒரு கம்பெனி நிர்வாகிக்கு இழந்த சம்பளமே கோடிக்கணக்கில் வந்துவிடும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், முதியவருக்கும் காட்டுவதற்குச் சம்பளம் ஏது? அவர்களுக்கு இருப்பது வலி மட்டும்தான். அதையும் வெட்டிவிட்டால், கிடைக்கும் தொகையில் பங்கு வாங்கி வழக்கு நடத்தும் வக்கீல் அவர்கள் வழக்கைத் தொடவே மாட்டார்.

சம்பளக் கணக்கும் நியாயமாக நடந்ததில்லை. இனவாரியான, பாலினவாரியான சராசரி வருமான அட்டவணைகளை வைத்தே எதிர்கால வருமானத்தைக் கணித்தார்கள். 2015இல் புரூக்ளினில் ஒரு வழக்கு. ஈயப் பெயிண்டால் பாதிக்கப்பட்ட குழந்தை ஹிஸ்பானிக் என்பதால் பெரிய படிப்புக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு என்று எதிர்த்தரப்பு வாதிடப் பார்த்தது. நீதிபதி ஜாக் வெய்ன்ஸ்டீன் மறுத்துவிட்டார். 2019இல் கலிபோர்னியா இத்தகைய குறைப்பைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

பிறப்பைப் பார்த்துக் கூலி, அந்தக் கூலியைப் பார்த்து உயிருக்கு விலை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல, தோழர்களே. வழக்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், யாருடைய இழப்பீட்டைக் குறைத்து என்று கேளுங்கள்.