எந்த வார்டு கவுன்சிலர்?

போன எபிசோடுக்கு அப்புறம் உங்களில் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சைக்காலஜி படிச்சா கிளினிக்தான் வைக்கணுமா?" இல்லை. நான் இருக்கிற வழியைச் சொல்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகப்போற கவுன்சிலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அவங்க வேலையைப் பற்றி ஆய்வு செய்யறேன். ஊர்ல இதைச் சொன்னா, "எந்த வார்டு கவுன்சிலர்?"னு கேக்கறாங்க. அரசு ஆவணங்கள்ல 'ஆற்றுப்படுத்துநர்'னு அழகான பேர் இருக்கு. வாயில் நுழையத்தான் நேரமாகும்.

என் ஆய்வுக்களம் தூத்துக்குடி கடற்கரை. இந்தத் துறையில் ஆய்வுன்னா என்னன்னு ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டலாம். பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு விருப்பம் அறியும் கேள்வித்தாள் ஒன்று கொடுப்போம். இங்கிலீஷில் 'ஆக்குபேஷன்'னு இருக்கும் இடத்தில் தமிழில் 'தொழில்' என்று இருக்கும். திரேஸ்புரத்தில் ஒரு பையனிடம் "அப்பா எங்கே?"ன்னு கேளுங்க. "தொழிலுக்குப் போயிருக்காவ" என்பான். கரையில் தொழில்னா கடல்தான். வாத்தியார் பார்க்கிறது வேலை, பேங்கில் பார்க்கிறது வேலை. அப்போ, "உனக்குப் பிடித்த தொழில் எது?" என்பது அவன் காதில் "நீ கடலுக்குப் போறியா?" என்றுதான் விழும். முன்னுக்குப் பின் முரணாக டிக் அடிப்பான். தாளைத் திருத்தினால் 'தெளிவான இலக்கு இல்லை' என்று முடிவு வரும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் அவனுக்கு குரூப் எடுத்துக் கொடுப்பார். எனக்குப் பயமாக இருப்பது இந்த இடம்தான்.

பெங்களூரைச் சேர்ந்த கிடியன் அருள்மணி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கார். என் பாஷையில் சொன்னால்: 'கேரியர்' என்ற எண்ணம் மேற்கில் தொழிற்புரட்சியோடு வளர்ந்தது. நம்ம ஊரில் வேலை என்பது குடும்பத்தோடும் சமூகத்தோடும் பிணைந்த பிழைப்பு. ஒரு சமூகம் வேலையைப் பற்றி ஏற்கனவே என்ன நினைக்குதோ, அங்கிருந்துதான் ஆலோசனை தொடங்கணும்.

இந்தக் கரையில் அந்த நினைப்புக்கு ஆழம் அதிகம். கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல். பல நூற்றாண்டு நடந்த ஒரு தொழில், ஒரு தலைமுறைக்குள் பேச்சாக மட்டும் மிஞ்சிப்போச்சு. "கடல் எங்களோட போகட்டும்"னு ஒரு அம்மா சொல்லும்போது, அதில் அந்தக் கதையும் சேர்ந்திருக்கு.

காலண்டரையும் பாருங்க. பத்தாவது ரிசல்ட் மே மாதம் வரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகில் போகிறவங்க வீட்டில் கையில் காசே இல்லாத நேரத்தில்தான் எந்த குரூப், எந்த ஸ்கூல், ஃபீஸ் எவ்வளவு என்ற பேச்சு நடக்கும். அதே மே மாதம் உப்பளத்தில் வேலை மும்முரம். அளத்துக்குப் போற அம்மாவை வெயில் ஏறின பிறகு கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டால் வர மாட்டாங்க. 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை'ன்னு ரிப்போர்ட்டில் எழுதுறதுக்கு முன்னாடி, எந்த மாசம், எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம்னு பாருங்கன்னு என் மாணவர்களிடம் சொல்வேன்.

சரி, இதையெல்லாம் வாத்தியாரே செய்யக்கூடாதா? நியாயமான கேள்வி. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் இதைச் சோதித்தே பார்த்தாங்க. 'செஹர்' என்று பேர். 2018-ல் லான்செட் இதழில் வந்தது. 75 அரசுப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்தாங்க. ஒரு பிரிவில் பயிற்சி கொடுக்கப்பட்ட வெளியாள் ஒருவர் ஆலோசகர். மனநல நிபுணர் எல்லாம் கிடையாது. இன்னொன்றில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியரே செய்தார். மூன்றாவதில் வழக்கமான பாடம் மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

இது ஆசிரியர்களைக் குறை சொல்லும் விஷயம் இல்லை. மார்க் போடுகிற கையிடமே மனசைத் திறந்து பேசுவது கஷ்டம் என்பது என் கணிப்பு. எங்க கரையில் இன்னொன்றும் சேரும். வாத்தியார் மாமாவாக இருப்பார், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பா பக்கத்தில் நிற்பார்.

அதனால்தான் பயிற்சியில் அதிக நேரம் ரகசியம் காப்பது பற்றியே போகும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்"னு ஒரு கவுன்சிலர் எடுத்த எடுப்பில் வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆகணும். அந்த எல்லையைப் பிள்ளை பயப்படாத மாதிரி முதல் நாளே சொல்லணும். கேட்க எளிது. வகுப்பில் நடித்துப் பார்க்கச் சொன்னால் நல்லாப் படிக்கிறவங்களே திணறுவாங்க. சிலர் சட்டத்தை ஒப்பிப்பாங்க, சிலர் சிரித்து மழுப்புவாங்க. பத்துத் தடவை செய்த பிறகுதான் குரல் சரியாக அமையும்.

வேலை இருக்கான்னு கேட்பீங்க. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது வைக்கணும்னு சொல்லியிருக்கு. உத்தரவு பள்ளிக்கூட வாசல் வரை வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பது வேற விஷயம். வந்து சேரும்போது அந்த நாற்காலியில் உட்கார ஆள் வேணும். என்சிஇஆர்டி நடத்தும் ஒரு வருட டிப்ளமோ இருக்கு; நமக்குப் பக்கத்து மையம் மைசூர். கொஞ்சம் தொலைநிலை, கொஞ்சம் நேரடி வகுப்பு, மிச்சம் பள்ளியில் களப்பயிற்சி.

ஆய்வுப் பக்கம் வர நினைக்கிறவங்க முதலில் உங்க ஊர்ப் பிள்ளைகள் 'வேலை', 'தொழில்', 'பிழைப்பு' மூன்றையும் எதெதுக்குச் சொல்றாங்கன்னு கேட்டு ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. அடுத்த எபிசோடில் அதை வைத்துப் பேசலாம்.