கண்ணி ஒன்று நழுவினால்

(பரிசளிப்பு விழாவில் கைவேலைக் கண்காட்சியையொட்டி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடைக்குப் பக்கத்து மேசையில் இருப்பவை யாவும் இவ்வாண்டு நம் பிள்ளைகள் கையால் பின்னி முடித்தவை. கைக்குழந்தைக் குல்லாக்கள், பென்சில் பைகள், கழுத்துத் துண்டு ஒன்று. தாராளமாகத் தொட்டுப் பாருங்கள்.

"இந்த வேகாத வெயில்ல கம்பளி எதுக்கு டீச்சர்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் பெரும்பாலும் பருத்தி நூலையே எடுத்தோம். ஆனால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எந்த ஊரிலும் உடல் சூடு சீக்கிரம் குறைந்துவிடும். தலையில் ஒரு குல்லா இருந்தால் அந்தச் சூடு காக்கப்படும். ஆகவே இது வீண்வேலை அல்ல.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் ஒரு பையன் ஆசையாய் ஊசியை எடுத்தான். "இது பொம்பளப் பிள்ளைங்க வேலை, நீ போய்ப் பந்து விளையாடு" என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் அப்பா வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். கையில் ஒரு பழைய மீன் வலை.

"இது எங்கப்பா பின்னினது டீச்சர். இதிலேயும் கண்ணிதான், அதிலேயும் கண்ணிதான். வலை பின்னினா ஆம்பள வேலை, குல்லா பின்னினா பொம்பள வேலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா, நாளைக்கே தம்பியை அனுப்புங்க" என்றேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆண்கள் சங்கம் வைத்து நடத்திய தொழில் இந்தப் பின்னல் என்று!

கூடிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. சுபஸ்ரீ நடராஜன் அவர்கள் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், கொக்கி ஊசியால் துண்டு துண்டாகப் பின்னி, 2016 ஜனவரி 31இல் அவற்றை ஒரே போர்வையாக்கினார்கள். 11,148.5 சதுர மீட்டர்! ஒன்றரைக் கால்பந்துத் திடலுக்கு மேல். கின்னஸ் சாதனையாக அது பதிவானது.

பெற்றோர்களே, பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் உடனே எடுத்துக் கோர்த்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்துகொண்டே போகும். பிள்ளைகளும் அப்படித்தான். வாய் மூடிக்கொண்ட பிள்ளையை அன்றைக்கே கவனியுங்கள். பள்ளிக்கும் வந்து சொல்லுங்கள். அந்த அப்பா வந்து சொன்னதால்தான் நான் விட்ட கண்ணி எனக்குத் தெரிந்தது.

அந்தப் பையன் பின்னிய குல்லாவும் அந்த மேசையில் இருக்கிறது. எது என்று நான் சொல்லப்போவதில்லை. முடிந்தால் நீங்களே கண்டுபிடியுங்கள்.