குருதி கூறும் செய்தி

மயிலிட்டிக் கடலில் பெருங்கண் வலையை விரித்த மீனவர், வலை வெறுமையாய் வந்ததென்பதற்காகக் கடலில் மீனே இல்லையென்று கூறமாட்டார். சிறுமீன் வலைக்கண் வழியே நழுவியிருக்கும் என்பதை அவர் அறிவார். குருதிப் புற்றுநோயாளியின் வீட்டாரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

மயிலிட்டிக்கு அணித்தான தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை உண்டு. 2011 இல் இலங்கையின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது அது. இத்தகைய இடங்களில், “பிள்ளை தேறிவிட்டானே, இன்னும் ஏன் குருதி எடுக்கின்றீர்கள்?” என்று தாய்மார் வினவுவது இயல்பே.

என்பு மச்சையில் பிறக்கும் வெண்குழியங்கள் முதிராமலே பெருகுவதுதான் கடுங் குருதிப் புற்று. நோய் வெளிப்படும்போது உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி தீய கலங்கள் இருக்கலாம். மருந்தினால் அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மடிந்தாலும் ஆயிரம் கோடி எஞ்சும். நுணுக்குக்காட்டிக்கோ மச்சை தூயதாகவே தோன்றும். மருந்தை நிறுத்திவிடும் ஆசை எழுவதும் அவ்வேளையில்தான்.

இன்றைய சோதனைகள் சிறுகண் வலைகள். கலத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களைக் கொண்டு, பத்தாயிரத்தில் ஒரு தீய கலம் இருப்பினும் அவை காட்டிவிடும்.

நோயாளியின் ரீ கலங்களை வெளியே எடுத்து, சீ.டி.19 என்னும் அடையாளத்தைத் தாக்கப் பழக்கி, மீண்டும் உடலுட் செலுத்தும் நோயெதிர்ப்பு மருத்துவமும் வந்துள்ளது. மும்பையில் உருவான இத்தகைய சிகிச்சைக்கு 2023 ஒக்டோபரில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது.

2012 இல் பிலடெல்பியாவில் இதனைப் பெற்ற முதற் குழந்தை எமிலி வைற்ஹெட். கடுங் காய்ச்சலால் அவள் உயிர் ஊசலாடியபோது, இன்ரலூக்கின் 6 என்னும் பொருள் அளவு கடந்திருப்பதைக் குருதிச் சோதனை காட்டியது. அப்பொருளை அடக்கும் மூட்டுவாத மருந்தொன்றைக் கொடுத்தனர், சிறுமி பிழைத்தாள்.

இன்னொரு விந்தையும் உண்டு. சீ.டி.19 நல்ல பீ கலங்களிலும் இருப்பதால் அவையும் அழிகின்றன. அவை குருதியில் இல்லாதிருக்கும்வரை, செலுத்திய கலங்கள் காவல் புரிகின்றன என்று மருத்துவர் கொள்வர். விரைவில் அவை திரும்பினால் அவருக்குக் கவலை. அடையாளத்தையே களைந்துவிட்டுத் தப்பும் தீய கலங்களும் உள. ஆதலின் ஒரு சோதனையை மட்டும் அவர் நம்புவதில்லை. பீ கலங்கள் இல்லாத அக்காலத்தில் தொற்று அடிக்கடி வருமாயின், பிறர் ஈந்த குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை அந்நோயாளிக்கு ஏற்றுவர்.